ஐக்கியமும் ஏகபோகமும்: பலஸ்தீன, ஈழத்தமிழ் அரசியல் அமைப்புகளின் பிளவுகள் பற்றி விசுவமடுவை முன்வைத்து ஒரு நோக்கு

1. பிரச்சினையின் இயல்பு

ஒடுக்கப்படும் மக்கள் கூட்டமொன்றின் விடுதலை இயக்கம் ஏன் பல கூறுகளாகப் பிரிகின்றது என்ற வினாவுக்கு நம்மிடையே பெரும்பாலும் இரண்டு விடைகள் கூறப்படுவதுண்டு. தலைவர்களின் பதவி வேட்கை என்பது ஒன்று. அந்நியரின் சதி என்பது மற்றையது. இரண்டிலும் உண்மை உண்டு. ஆயினும் அவை விளக்கங்களாகப் போதியன அல்ல. பதவி வேட்கை எல்லா இயக்கங்களிலும் காணப்படுவது. எல்லா இயக்கங்களும் பிளவுறுவதில்லை. பிளவுற்ற இயக்கங்கள் யாவும் தம்முள் ஒருவரையொருவர் அழித்துக்கொள்வதுமில்லை. எனவே, பிளவு எங்கிருந்து தோன்றுகிறது என்பதையும், தோன்றிய பிளவு எந்நிலையில் உட்கொலையாக மாறுகிறது என்பதையும் வேறுவேறாக நோக்குதல் அவசியமாகும்.

இக்கட்டுரையில் பலஸ்தீன அமைப்புகளின் அனுபவத்தையும் ஈழத்தமிழ் அமைப்புகளின் அனுபவத்தையும் அருகருகே வைத்து ஆராய முயல்கின்றோம். இவ்வொப்பீடு நாம் வலிந்து செய்வதன்று. 1970களின் பிற்பகுதியில், லண்டனில் உருவான ஈரோஸ் அமைப்பு பலஸ்தீன விடுதலை இயக்கத்தாருடன் ஏற்படுத்திய தொடர்பின் வழியாகத் தமிழ் இளைஞர் சிலர் லெபனான் சென்று பயிற்சி பெற்றனர். பலஸ்தீனம் அக்காலத்துத் தமிழ் இளைஞருக்கு ஒரு முன்மாதிரியாக விளங்கியது. அம்முன்மாதிரியிலிருந்து எவை கற்கப்பட்டன, எவை கற்கப்படாது விடப்பட்டன என்பது நமது ஆய்வுக்குரியது.

இப்பிளவுகளின் விளைவைத் தலைவர்களின் அறிக்கைகளில் மட்டும் தேடின் முழுமை கிட்டாது. அவற்றைச் சுமந்த மண்ணிலிருந்தும் பார்த்தல் வேண்டும். அதற்கென முல்லைத்தீவு மாவட்டத்தின் விசுவமடுவை எடுத்துக்கொள்கின்றோம்.

2. மூன்று முரண்பாடுகள்

விடுதலை இயக்கங்களின் உட்பிளவுகளை மூன்று வினாக்களாக வகுக்கலாம். முதலாவது, இலக்குப் பற்றியது: தனியரசா, கூட்டாட்சியா, குறைந்த அளவிலான அதிகாரப் பகிர்வா? இரண்டாவது, வழி பற்றியது: ஆயுதமா, பேச்சுவார்த்தையா, வெகுசனப் போராட்டமா? அயலில் வாழும் மற்ற மக்களைப் பகைவராகக் கொள்வதா, அவர்தம் அரசையே பகையாகக் கொண்டு அம்மக்களிடையே நேசசக்திகளைத் தேடுவதா என்பதும் இதனுள் அடங்கும். மூன்றாவது, பிரதிநிதித்துவம் பற்றியது: மக்களின் பெயரால் பேசும் உரிமை யாருக்கு?

முதலிரு வினாக்களும் ஓர் இயக்கத்தில் இயல்பாக எழுவன. அவற்றை எழுப்பாத இயக்கம் சிந்திப்பதை நிறுத்திவிட்டது எனலாம். மூன்றாவது வினாவோ முதலிரு வினாக்களையும் விழுங்கிவிடும் ஆற்றல் உடையது. பேசும் உரிமை ஒருவருக்கே உரியது என நிலைநாட்டப்பட்டதும் மற்றவரின் கருத்து வேறுபாடு துரோகமாகப் பெயர் மாறுகின்றது.

3. பலஸ்தீன அனுபவம்

பலஸ்தீன விடுதலை இயக்கம் 1964இல் அரபு நாடுகளின் ஆதரவுடன் தோற்றுவிக்கப்பட்டது. 1967ஆம் ஆண்டுப் போரில் அந்நாடுகள் தோல்வியுற்ற பின்னரே கெரில்லா அமைப்புகள் அதனைத் தம் வசப்படுத்தின. பதாஹ் அமைப்பின் யாசிர் அரபாத் 1969 பெப்ரவரியில் அதன் தலைவரானார். ஜோர்ஜ் ஹபாஷ் தலைமையிலான மக்கள் முன்னணி 1967 டிசம்பரில் உருவாகியது. அதிலிருந்து நாயிப் ஹவாத்மா தலைமையிலானோர் 1969இல் பிரிந்து சனநாயக முன்னணியை அமைத்தனர்.

இவற்றிடையே இருந்த வேறுபாடுகள் அற்பமானவை அல்ல. பதாஹ், வர்க்க முரண்பாடுகளை விடுதலைக்குப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்ற நிலைப்பாடுடையது. மக்கள் முன்னணியோ அரபுப் பிற்போக்கு அரசுகளும் எதிரி அணியைச் சார்ந்தவையே எனக் கொண்டது. சனநாயக முன்னணி, இஸ்ரேலிய இடதுசாரிகளுடன் உரையாடல் வேண்டும் என்பதை முற்படவே வலியுறுத்தியது. 1974 யூனில் பலஸ்தீன தேசிய சபை பத்து அம்சத் திட்டத்தை ஏற்று, விடுவிக்கப்படும் எப்பகுதியிலும் தேசிய அதிகாரசபை ஒன்றை நிறுவலாம் என்றபோது, அது முழுத் தாயகத்தையும் கைவிடுவதற்கான முதற்படி எனக் கண்டித்த மக்கள் முன்னணி நிர்வாகக் குழுவிலிருந்து வெளியேறி மறுப்பு அணியில் சேர்ந்தது.

இங்கு மனங்கொள்ளத்தக்க செய்தி ஒன்றுண்டு. வெளியேறியவர்கள் பின்னர் திரும்பி வருவதற்கான வாயில் அடைபடவில்லை. தேசிய சபையில் அமைப்புகளுக்கும் தொழிற்சங்கம், மாணவர், பெண்கள் ஆகியோரின் சங்கங்களுக்கும் ஆசனங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. 1983இல் பதாஹ் அமைப்பினுள்ளேயே சிரியாவின் ஆதரவுடன் கிளர்ச்சி எழுந்து, லெபனானின் திரிப்போலியில் பலஸ்தீனரே பலஸ்தீனரைச் சுட்ட அவலமும் நிகழ்ந்தது. அவ்வாறிருந்தும் 1987 ஏப்ரலில் அல்ஜியேர்ஸ் நகரில் கூடிய தேசிய சபையில் முக்கிய அமைப்புகள் மீண்டும் ஒன்றுகூடின. அடுத்த ஆண்டு நவம்பர் 15ஆந் திகதி சுதந்திரப் பிரகடனம் அங்கேயே நிறைவேறியது. மக்கள் முன்னணி அதன் அரசியல் தீர்மானத்தை எதிர்த்தபோதிலும் பெரும்பான்மையின் முடிவுக்குக் கட்டுப்பட்டு சபையிலேயே தங்கியது.

எனினும், பலஸ்தீன அனுபவத்தை இலட்சியமாக்குதல் தவறாகும். 1987 டிசம்பரில் தோன்றிய ஹமாஸ் அப்பொதுச் சபைக்கு வெளியிலேயே வளர்ந்தது. 1993 செப்டெம்பரில் கைச்சாத்தான ஒஸ்லோ உடன்பாடு, தேசிய சபையில் முன்கூட்டியே விவாதிக்கப்படாது இரகசியமாகப் பேசி முடிக்கப்பட்டது. உடன்பாட்டின் பின்னரும் மேற்குக்கரையில் யூதக் குடியேற்றங்கள் பெருகியமை, சமரசம் பேசியவர்களின் கால்களுக்குக் கீழிருந்த மண்ணை அரித்தது. 2006 சனவரித் தேர்தலில் 132 ஆசனங்களில் 74ஐ ஹமாஸ் வென்றது. பதாஹ் 45 ஆசனங்களைப் பெற்றது. அவ்வாண்டு மே மாதம் இஸ்ரேலியச் சிறையிலிருந்த பல அமைப்பினரும் கூடி ஐக்கியத்துக்கான ஆவணமொன்றை வரைந்தனர். ஆயினும் 2007 யூனில் மோதல் முற்றி, காசா ஹமாஸின் கையிலும் மேற்குக்கரையின் அதிகாரசபை பதாஹ் அமைப்பின் கையிலும் இருக்கும் நிலை உருவாயிற்று. மெக்கா, கெய்ரோ எனப் பல நகரங்களில் உடன்பாடுகள் எழுதப்பட்டன. 2021இல் நடைபெறவிருந்த தேர்தல் ஒத்திவைக்கப்பட்டது. 2023 ஒக்டோபர் 7ஆந் திகதித் தாக்குதலும், அதைத் தொடர்ந்து காசா மீது இஸ்ரேல் நடத்திய பேரழிவுப் போரும் நிகழ்ந்தபோது பலஸ்தீன மக்களுக்குப் பொதுவான ஆணைபெற்ற சபை எதுவும் இயங்கவில்லை. 2024 யூலையில் 14 அமைப்புகள் பீஜிங்கில் கூடி மீண்டும் ஓர் ஐக்கிய அறிக்கையில் ஒப்பமிட்டமை, அக்குறை உணரப்பட்டதையே காட்டுகின்றது.

4. ஈழத்தமிழ் அனுபவம்

தமிழ் அரசியலில் முதற் பெரும் பிளவு, தமிழருள் ஒரு பகுதியினரின் பிரசாவுரிமை தொடர்பாகவே நிகழ்ந்தது என்பது பலரும் மறந்துவிட்ட உண்மை. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழ்த் தொழிலாளரை நாடற்றவராக்கிய வேளையில் தமிழ்க் காங்கிரசின் தலைமை அரசாங்கத்தில் இணைந்திருந்தது. அதனை ஏற்காத எஸ். ஜே. வி. செல்வநாயகம் முதலானோர் பிரிந்து 1949 டிசம்பர் 18ஆந் திகதி தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்தனர்.

அக்கட்சி கூட்டாட்சியை வேண்டியது. 1957இல் பண்டாரநாயக்காவுடனும் 1965இல் டட்லி சேனநாயக்காவுடனும் செய்துகொண்ட ஒப்பந்தங்கள் நிறைவேறாது போயின. ஒவ்வொரு ஒப்பந்தமும் கிழிக்கப்பட்டபோது மிதவாதத்தின் நியாயமும் உடன் கிழிந்தது. 1976 மே 14இல் வட்டுக்கோட்டையில் தனியரசுத் தீர்மானம் நிறைவேறியது. கூட்டணியில் அங்கம் வகித்த தொண்டமானின் தொழிலாளர் காங்கிரஸ் அத்தீர்மானத்துடன் உடன்பட்டுச் செல்லவில்லை. மலையகத்தில் வாழும் மக்களுக்கு வடகிழக்கில் அமையும் தனியரசு விடையளிக்காது என்பதே அதன் அடிப்படை. இதுவும் துரோகமன்று, வேறொரு புவியியலிலிருந்து எழுந்த வேறொரு நலன்.

1980களின் தொடக்கத்தில் விடுதலைப் புலிகள், ரெலோ, ஈரோஸ், ஈரோஸிலிருந்து பிரிந்த ஈ.பி.ஆர்.எல்.எவ்., புலிகளிலிருந்து பிரிந்த புளொட் ஆகிய ஐந்து அமைப்புகள் முதன்மை பெற்றன. ஈரோஸ் மலையகத்தையும் உள்ளடக்கிய ஈழத்தைக் கற்பித்தது. ஈ.பி.ஆர்.எல்.எவ். தொழிலாளர், விவசாயிகள், ஒடுக்கப்பட்ட சாதியினர் ஆகியோரை அணிதிரட்டுவதையும் சிங்கள முற்போக்குச் சக்திகளுடன் உறவு கொள்வதையும் பேசியது. புளொட் வெகுசன அமைப்பு முதலில், தாக்குதல் பின்னர் என்றது. புலிகள் கட்டுப்பாடான சிறு படையையும் தொடர் தாக்குதலையும் முதன்மைப்படுத்தினர். 1983 யூலை வன்செயலுக்குப் பின் ஆயிரக்கணக்கான இளைஞர் இவ்வமைப்புகளில் சேர்ந்தபோது, இவ்வேறுபாடுகளைக் கற்றறிந்து தெரிவு செய்தவர் சிலரே. ஊரும் உறவும் நண்பர் வட்டமுமே பலரின் தெரிவைத் தீர்மானித்தன.

1984 ஏப்ரலில் ரெலோ, ஈ.பி.ஆர்.எல்.எவ்., ஈரோஸ் ஆகிய மூன்றும் ஈழத் தேசிய விடுதலை முன்னணியை அமைத்தன. 1985 ஏப்ரலில் புலிகளும் அதில் இணைந்தனர். அவ்வாண்டு யூலை, ஓகஸ்ட் மாதங்களில் திம்புவில் நடைபெற்ற பேச்சுவார்த்தையில் இந்நான்குடன் புளொட் அமைப்பும் தமிழர் விடுதலைக் கூட்டணியும் சேர்ந்து, தேசிய இனம், தாயகம், சுயநிர்ணய உரிமை, இலங்கையைத் தாயகமாகக் கொண்ட எல்லாத் தமிழருக்கும் பிரசாவுரிமை என்னும் நான்கு கோட்பாடுகளை முன்வைத்தன. தமிழ் அரசியலின் முதன்மையான ஆயுத அமைப்புகளும் பாராளுமன்றக் கட்சியும் ஒரே குரலில் பேசிய அரிய தருணம் அது.

அது நிலைக்கவில்லை. 1985 செப்டெம்பரில் முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் தர்மலிங்கமும் ஆலாலசுந்தரமும் கொல்லப்பட்டனர். 1986 ஏப்ரல், மே மாதங்களில் புலிகள் ரெலோவை அழித்தனர். அதன் தலைவர் சிறீ சபாரத்தினம் மே 6ஆந் திகதி கொல்லப்பட்டார். அவ்வாண்டு டிசம்பரில் ஈ.பி.ஆர்.எல்.எவ். தாக்கப்பட்டது. ஏனைய அமைப்புகளும் கையில் அதிகாரம் வாய்த்தவிடத்துக் குற்றமற்றவையாக இருக்கவில்லை. புளொட் தன் சொந்த உறுப்பினரையே முகாம்களில் கொன்றது. 1987க்குப் பின் இந்தியப் படையின் நிழலில் ஆட்சி செய்த ஈ.பி.ஆர்.எல்.எவ். இளைஞரைக் கட்டாயமாகப் படையிற் சேர்த்தது. 1989 யூலையில் அமிர்தலிங்கமும் யோகேஸ்வரனும், செப்டெம்பரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விரிவுரையாளர் ரஜனி திராணகமவும், 1990 யூனில் பத்மநாபாவும் கொல்லப்பட்டனர். 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம் மக்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். ஏகபோகம் அமைப்புகளை விழுங்கியபின் மக்களையும் பிரித்து நீக்கத் தொடங்கியது என்பதற்கு இது சான்று.

5. ஒரு சொற்றொடர், இரு பொருள்

1974 ஒக்டோபரில் ரபாத் நகரில் கூடிய அரபுத் தலைவர்கள் பலஸ்தீன விடுதலை இயக்கத்தைப் பலஸ்தீன மக்களின் ஒரே சட்டபூர்வப் பிரதிநிதியாக ஏற்றனர். விடுதலைப் புலிகளும் தம்மைத் தமிழ் மக்களின் ஏகப் பிரதிநிதிகள் என்றனர். 2004ஆம் ஆண்டுத் தேர்தலில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு அதனை ஏற்றுப் போட்டியிட்டு 22 ஆசனங்களைப் பெற்றது.

இரண்டும் ஒரே சொற்றொடர்போலத் தோன்றும். பொருளோ வேறு. முன்னையது பல அமைப்புகள் கூடியிருந்த ஒரு குடையைக் குறித்தது. பின்னையது மற்ற அமைப்புகள் அகற்றப்பட்டபின் எஞ்சிய ஓர் அமைப்பைக் குறித்தது. முன்னையதில் பிரதிநிதித்துவம் வாதாடிப் பெறப்பட வேண்டியது. பின்னையதில் அது வாதத்தை முடித்துவைப்பது. தமிழ் இளைஞர் லெபனானிலிருந்து ஆயுதப் பயிற்சியைக் கொண்டுவந்தனர். தேசிய சபையைக் கொண்டுவரவில்லை. பலஸ்தீனரிடமும் அச்சபை வலுவிழந்தபின் ஒரே மக்களுக்கு இரு ஏகபோகங்கள் இரு நிலப்பரப்புகளில் தோன்றின.

வெளிச் சக்திகளின் பங்கையும் இவ்விடத்திலேயே வைத்து நோக்குதல் பொருந்தும். சிரியாவும் ஈராக்கும் தமக்கெனத் தனித்தனிப் பலஸ்தீன அமைப்புகளை வைத்திருந்தன. 1983க்குப் பின் இந்தியாவும் தமிழ் அமைப்புகளுக்குத் தனித்தனியே பயிற்சியளித்தது. பொதுச் சபை உள்ள இடத்தில் புரவலர் ஒரு கன்னையை வாங்கலாம். அது இல்லாத இடத்தில் இயக்கத்தையே துண்டு துண்டாக வாங்கலாம்.

6. விசுவமடுவிலிருந்து நோக்குதல்

பரந்தன் முல்லைத்தீவு வீதியில் அமைந்த விசுவமடு, பழம்பெருமை பேசும் ஊரன்று. காடு வெட்டிக் குடியேறியோரால் ஆனது. 1960களின் பிற்பகுதியிலிருந்து படித்த வாலிபர் திட்டத்தின் கீழ் இங்கும் முத்தையன்கட்டிலும் இளைஞருக்குக் காணி வழங்கப்பட்டது. 1970 முதல் 1977 வரையான அரசாங்கம் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியமையால் மிளகாயும் வெங்காயமும் நல்ல விலை பெற்றன. வன்னியின் செய்கையாளர் கையில் காசு புரண்டது. 1977க்குப் பின் திறந்த பொருளாதாரம் அச்சந்தையைச் சிதைத்தது. அதே ஆண்டு வன்செயலுக்குத் தப்பிய மலையகத் தமிழர் பெருந்தொகையாக வன்னியை அடைந்து, பலர் பிறர் தோட்டங்களில் கூலிகளாயினர்.

இச்சமூக அமைப்பில் மூன்று வகையினரைக் காண்கின்றோம்: காணி பெற்று வந்த யாழ்ப்பாணத்துப் படித்த இளைஞர், வன்னியின் பழங்குடி விவசாயிகள், காணியற்ற மலையகத்தார். தேசிய ஒடுக்குமுறை மூவருக்கும் பொது. ஆயின் காணி, கூலி, பிரசாவுரிமை ஆகியவற்றில் மூவரின் நலனும் ஒன்றல்ல. திம்புவின் நான்காவது கோட்பாடு மூன்றாம் வகையினருக்கே உயிர்ப் பிரச்சினையாக இருந்தது. வவுனியாப் பகுதியில் அவர்களைக் குடியமர்த்திய காந்தீயம் அமைப்பின் வைத்தியர் இராஜசுந்தரம் 1983 யூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். அப்பணியின் நிலச்சீர்திருத்தப் பொருளைப் பின்வந்த எந்த அமைப்பும் முழுமையாக எடுத்துச் செல்லவில்லை. வர்க்கம் பேசிய அமைப்புகள் அழிக்கப்பட்டபோது அவ்வினாவைக் கேட்கும் நாவும் அழிந்தது. உட்பிளவு வன்முறையாகத் தீர்க்கப்படும்போது இழக்கப்படுவது ஓர் அமைப்பு மட்டுமல்ல. அவ்வமைப்பு ஏந்திய மக்கள் பகுதியின் வினாவும் கூடவே இழக்கப்படுகின்றது.

இதே மாவட்டத்தின் தென்கிழக்கே, 1984இல் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய்ப் பகுதித் தமிழர் தம் ஊர்களை விட்டு அகற்றப்பட்டனர். மணலாறு வெலிஓயாவாகிச் சிங்களக் குடியேற்றமாயிற்று. மேற்குக்கரைக் குடியேற்றங்களைப் போன்றே இதுவும் நிலத்தில் நிகழ்ந்த மாற்றம். அமைப்புகள் ஒருவரையொருவர் வேட்டையாடிய ஆண்டுகளில் அரசு நிலத்தை மாற்றிக்கொண்டிருந்தது.

2009 சனவரி இறுதியில் விசுவமடு இராணுவத்தின் கைக்குச் சென்றது. மக்கள் சுதந்திரபுரம், புதுக்குடியிருப்பு, மாத்தளன் வழியே முள்ளிவாய்க்கால் வரை தள்ளப்பட்டனர். அரசின் எறிகணைகள் அவர்கள் மீது வீழ்ந்தன. வெளியேற முயன்றோரைப் புலிகள் தடுத்தனர். அவ்வேளை அம்மக்களுக்காகப் புலிகளிடமும் அரசிடமும் ஒருசேரப் பேசவல்ல சுயாதீனமான தமிழ் அமைப்பு எதுவும் எஞ்சியிருக்கவில்லை. 1986இல் மூடப்பட்ட கதவின் விலையை 2009இல் செலுத்தியோர் இம்மக்களே.

7. போருக்குப் பின்

ஆயுதம் மௌனித்த பின்னும் பிளவுகள் தொடர்கின்றன. அவை இன்று வாக்குச்சீட்டில் வெளிப்படுகின்றன என்பது முன்னேற்றமே. 2010இல் கூட்டமைப்பிலிருந்து பிரிந்தோர் ஒரு நாடு, இரு தேசங்கள் என்ற நிலைப்பாட்டை வைத்தனர். தமிழரசுக் கட்சி கூட்டாட்சியை இலக்காகக் கொண்டு பேச்சுவார்த்தையை வழியாகக் கொள்கின்றது. 13ஆம் திருத்தத்தை முதலில் முழுமையாக நடைமுறைப்படுத்துக என்போரும் உளர். அதனைத் தொடக்கப் புள்ளியாகக்கூட ஏற்கலாகாது என்போரும் உளர். 1974இன் பத்து அம்சத் திட்டம் பற்றிய பலஸ்தீன விவாதமும் இதுவும் ஒரே வினாவின் இரு வடிவங்கள்: கிடைக்கும் பகுதி, முழுமைக்குப் படியா, பொறியா?

2018 யூனில், விசுவமடுவில் சிவில் பாதுகாப்புத் திணைக்களப் பண்ணைகளுக்குப் பொறுப்பாயிருந்த இராணுவ அதிகாரி ஒருவர் மாற்றலாகிச் சென்றபோது அங்கு வேலைபார்த்த தமிழர் கண்ணீருடன் வழியனுப்பினர். அதனைச் சிலர் இனநல்லிணக்கம் என்றனர்; சிலர் அடிமைத்தனம் என்றனர். இரு தரப்பாரும் கேட்காத வினா, போரில் யாவும் இழந்தோர்க்கு மாதச் சம்பளம் தரவல்ல சிவில் நிறுவனமொன்று ஏன் அங்கு இருக்கவில்லை என்பதாகும்.

2024 நவம்பர் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி யாழ்ப்பாண மாவட்டத்தின் 6 ஆசனங்களில் மூன்றையும் வன்னியின் ஆறில் இரண்டையும் பெற்றது. இரு மாதங்களுக்கு முன் சனாதிபதித் தேர்தலில் தமிழ்ப் பொது வேட்பாளருக்கு இரண்டேகால் இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகள் கிடைத்திருந்தன. தமிழரசுக் கட்சியோ வேறொருவரை ஆதரித்தது. இதனைக் கொண்டு மக்கள் தேசிய அபிலாசையைக் கைவிட்டனர் எனக் கூறுதல் அவசர முடிபாகும். தம் பெயரால் பேசுவோர் தம்முள் பேசிக்கொள்ளாமையை மக்கள் தண்டித்தனர் என்பதே பொருத்தமான விளக்கமாகலாம்.

8. முடிபு

மேற்கூறியவற்றிலிருந்து நாம் பெறும் முடிபு இது: பிளவு ஒரு நோயன்று, பல வர்க்கங்களும் பிரதேசங்களும் சேர்ந்த மக்கள் கூட்டத்தில் அது இயல்பு. நோயாவது, பிளவுகள் ஒன்றோடொன்று மோதி வாதிட்டு முடிவு காண்பதற்கான பொது நிறுவனம் இல்லாமையாகும். அத்தகைய நிறுவனமின்றி ஐக்கியம் வேண்டும் எனக் கூவுவது நடைமுறையில் வலியவனுக்குப் பணிக என்று கூறுவதாகவே முடியும்.

அந்நிறுவனத்துக்கு மூன்று பண்புகள் வேண்டும். கட்சிகள் மட்டுமன்றி விவசாயிகள், மீனவர், தொழிலாளர், பெண்கள், மாணவர் ஆகியோரின் சங்கங்களும் அதில் இடம்பெறல் வேண்டும். வெளியேறியவர் திரும்பி வரும் வாயில் திறந்திருத்தல் வேண்டும். முஸ்லிம், மலையக மக்களோடும் சிங்கள மக்களின் சனநாயகச் சக்திகளோடும் பேசுவதைத் துரோகமெனக் கொள்ளாத மனப்பாங்கு வேண்டும். பலஸ்தீனர் ஒருகால் இவற்றுட் சிலவற்றைப் பெற்றிருந்து பின் இழந்தனர். நாம் 1985இல் சில மாதங்கள் மட்டுமே அவற்றை அண்மித்தோம்.

அயலவருடன் எவ்வாறு வாழ்வது என்ற வினாவுக்கு ஒரு மக்கள் கூட்டம் தனக்குள்ளேயே பல விடைகளை வைத்திருக்கலாம். அவ்விடைகளுள் எதைத் தேர்வது என்பதை விசுவமடுவின் காணியற்ற கூலியாளும் சமமாக அமர்ந்து சொல்லக்கூடிய ஒரு சபை அமையும்போதே அவர்தம் பெயரால் பேசுவோரின் குரலுக்கு உரிமையும் வலுவும் உண்டாகும்.